மூன்று பேருக்கு ஒரே நாக்கு

தியாகராய நகரில் பாதிக் கிணறுகள் என் கையால் தோண்டியவை. ஏரியை வற்றவைத்து மனை போட்டார்களே, அந்தச் சேற்றில் முதல் உறையை இறக்கியவன் நான். "இங்கே கிணறு நிற்காது, சரிந்து ஆளை மூடிவிடும்" என்று நாலு பேர் கைவிட்டுப் போன இடத்தில் நிறுத்திக் காட்டினேன். ஆழ்வார்பேட்டையில் வக்கீல் பங்களாக் கிணறு என்னுடையது. சாந்தோமில் பள்ளிக்கூடத்துக் கிணறு என்னுடையது. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் வரிசையாகப் பதினோரு வீடுகள்... எல்லாம் நான்! அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கடப்பாறையைக்கூட இரவல் வாங்கித் தொழில் ஆரம்பித்தவன். இன்றைக்கு மந்தைவெளியில் சொந்த ஓட்டு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இவ்வளவும் செய்தவன் ஒரு பொய்யன்.

ருசி தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு சர்க்காருக்குத் தண்ணீரின் ருசி சொன்னேன். அது தப்பு என்று தெரிந்த நாளில், பழியை இன்னொருவர் தலையில் தூக்கிப் போட்டேன். இதுதான் நான் செய்தது. இனி எழுதப்போவதெல்லாம் இதற்கு விளக்கம்தான். விளக்கத்தைப் படித்துவிட்டு என்மேல் இரக்கப்படாதீர்கள்!

என்னை முனுசாமி என்று கூப்பிட்டவர்கள் குறைவு. ஊரில் எனக்குப் பெயர் நாக்கு மேஸ்திரி. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால், எந்தத் தெருக் கிணறு என்று சொல்லிவிடுவேன். ஆழ்வார்பேட்டை வக்கீல் ஒருமுறை நண்பர்களைக் கூட்டிவைத்து, மூன்று செம்புகளில் தண்ணீர் வைத்துச் சோதித்தார். மூன்றையும் சொன்னேன். மூன்றாவது செம்பில் சமையற்காரர் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருந்தார், அதையும் சொன்னேன்! கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குச் சாராயம் மாதிரி ஏறியது... இன்னும் இறங்கவில்லை.

பெரிய சண்டை முடிந்த சமயம் ஒரு விஷக்காய்ச்சல் வந்ததே, உங்கள் வீட்டிலும் யாரையாவது கொண்டுபோயிருக்கும். என் வீட்டில் தனத்தைக் கொண்டுபோனது. என் பெண்சாதி. மூன்றே நாள். நான் எழுந்துவிட்டேன். எழுந்து முதல் கஞ்சியைக் குடித்தேன்... ஒன்றும் இல்லை. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன்... ஒன்றும் இல்லை. உப்புக் கல்லை எடுத்து மென்றேன். மணலை மென்றது போல நறநறவென்றது. அவ்வளவுதான்.

இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருத்தியும் போய்விட்டாள்.

நாக்கு மேஸ்திரிக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான்? நீங்கள் கொடுப்பீர்களா?

ஆனால் நான் முட்டாள் இல்லை. பள்ளிக்கூடம்தான் இல்லை, மூளை உண்டு! ஒரு வழி கண்டுபிடித்தேன். தியாகராய நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடங்களில் சித்தாள் பெண்கள் அடுப்பு மூட்டிச் சோறாக்குவார்கள். கிணற்றடிக்குப் போகுமுன் அவர்களிடம் போவேன்.

"இன்னாம்மா, பருப்பு வேவுதா?"

"எங்க நைனா வேவுது! வெறகுதான் வேவுது, பருப்பு கல்லாட்டம் குந்திக்கினு கீது."

அவ்வளவு போதும். பருப்பு வேகாத தண்ணீர் உப்பு. துணிக்குச் சோப்பு நுரைக்கிறதா என்று அடுத்த கேள்வி கேட்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய், கை நிறைய அள்ளி, வாயில் ஊற்றி, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, தள்ளிப்போய்த் துப்பிவிட்டுச் சொல்வேன்: "கொஞ்சம் கரிப்பு கீது. இன்னும் வடக்கால தோண்டலாம்." சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பல வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது!

அப்போதுதான் சர்க்கார் சர்வே வந்தது. பூமிக்கு அடியில் எத்தனை அடிக்கு மணல், எத்தனை அடிக்குக் களிமண், பாறை எங்கே, தண்ணீர் எத்தனை அடியில், அது நல்லதா உப்பா என்று சாந்தோம் கடற்கரையிலிருந்து அடையாறு வரைக்கும், மேற்கே மாம்பலம் வரைக்கும் அளந்து படம் போட வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்குக் கீழே சேஷகிரி என்று ஒரு மயிலாப்பூர்ப் பிள்ளை. கல்லையும் மண்ணையும் படித்துப் பட்டம் வாங்கியவர். முப்பது வயதுகூட இராது. இரும்புக் குழாயைத் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கும் வேலைக்கு என்னையும் என் ஆட்களையும் வைத்துக்கொண்டார்கள்.

சேஷகிரி கையில் ஒரு நீளமான நோட்டு. ஐந்தடிக்கு ஒருமுறை மேலே வரும் மண்ணைத் தொட்டு, முகர்ந்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து எழுதுவார். அத்தனை சுத்தமான எழுத்து நான் பார்த்ததில்லை. நோட்டில் கடைசிக் கட்டம் தண்ணீரின் ருசி.

அந்தக் கட்டத்தை யார் நிரப்புவது? துரை குடிக்கமாட்டார். காலராப் பயம். ஐஸ் பெட்டியில் சோடாவோடுதான் வருவார். சேஷகிரியும் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, துணியால் மூடி, நிழலில் வைத்திருப்பார். வேறு எதையும் தொடமாட்டார்.

"நான் வெளியில ஜலம் சாப்பிடறதில்லை மேஸ்திரி. அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்போ இந்தக் கட்டத்த எப்டி ரொப்புவீங்க சாமி?"

"அதான் நீர் இருக்கீரே! உம்ம நாக்கைப் பத்தி எங்காத்துக் கிணத்தடியிலகூடப் பேசிக்கறாளே!"

இப்படித்தான் ஆயிற்று. மூன்று பேர் நின்றோம், இருந்தது ஒரே நாக்கு. அதுவும் செத்த நாக்கு!

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "சாமி, எனக்குக் காய்ச்சலில் ருசி போயிடுச்சு" என்று ஒரே வரி. ஏன் சொல்லவில்லை? சர்க்கார் நோட்டில் என் வாய் சொன்னது ஏறுகிறது என்ற திமிர்! இரண்டாம் வகுப்புக்காரன் சொல்ல, பட்டம் வாங்கியவர் எழுதுகிறார்... அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை. புதுக் குழாய் இறக்கினால் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பாட்டில் சொன்னதும் நான் சொன்னதும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருந்தன. எங்கும் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. வீட்டில் ஒரு அடுப்பு. அடுப்பில் பருப்பு.

கடைசியாக மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றோரத்தில் மேடான ஒரு வெட்டவெளிக்கு வந்தோம்.

வருஷா வருஷம் வெள்ளத்தில் போகும் குடிசைக்காரர்களை மேட்டில் ஒரு இடம் பார்த்துக் குடிவைக்கச் சர்க்கார் நினைத்தது. அங்கே தண்ணீர் நன்றாக இருந்தால் அந்த இடம், இல்லாவிட்டால் சைதாப்பேட்டைக்கும் அப்பால். அந்தக் குடிசைக்காரர்களில் என் தங்கை கன்னியம்மாளும் ஒருத்தி. புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவன் போனவன்தான். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, செங்கமலம் என்ற ஏழு வயதுப் பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணாத்தே, நல்ல தண்ணினு வரணும்னு வேண்டிக்கினு கீறேன். சைதாப்பேட்டைக்கு அந்தாண்ட போனா நான் எப்டி வேலைக்கு வர்றது?"

தங்கைக்காகத்தான் அன்று அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பாதீர்கள். அதுவும் பொய்!

கார்த்திகை மாதம். மழை விட்டு இரண்டு நாள். சுற்றிலும் ஒரு வீடு இல்லை, ஒரு அடுப்பு இல்லை. கேட்பதற்கு ஒரு பெண்பிள்ளை இல்லை. தாழம்புதர், பனைமரம், ஈர மணல். மணலில் நண்டு வளைகள்... பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்! நண்டு வளை இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர்தான் இருக்கும் என்று தெரியாதவனா நான்?

குழாயில் தண்ணீர் வந்தது. சேஷகிரி பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"பாட்டில் தீர்ந்துபோயிடுத்து மேஸ்திரி. ஒண்ணு பண்ணலாம். நாளைக்குக் கொண்டுவந்து பிடிச்சுண்டு போறேன். துரை இன்னிக்கு சாயங்காலமே ஜாபிதா வேணும்கறார்... அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நாளை பாட்டில் வந்தால்? பரிசோதனைச் சாலை ஒன்று சொல்ல, நான் வேறொன்று சொல்லியிருந்தால்? சத்தமாகச் சிரித்தேன்.

"என் நாக்கு கீறப்போ பாட்டிலு எதுக்கு சாமி? இத்தினி நாளா ஒரு தபா தப்பிச்சா?"

"தப்பலை. தப்பலைதான்..."

"அப்பால இன்னா?"

அள்ளினேன். வாயில் ஊற்றினேன். கண்ணை மூடினேன். உருட்டினேன். குளிர்ச்சி தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. ஒன்றுமே இல்லை ஐயா, ஒன்றுமே!

"கல்கண்டு!" என்றேன்.

சேஷகிரி எழுதினார். பேனா மை உலர அவர் ஊதியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. எழுதிவிட்டு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "பாவம், அந்த ஜனங்களுக்கு நல்ல காலம்" என்றார்.

"அய்யா நல்ல தண்ணினு எய்திட்டாரு" என்று நான் போய்ச் சொன்னதும், கன்னியம்மாள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குடிசைகள் எழுந்தன. வேறு ஆட்கள் வந்து கிணறு தோண்டினார்கள். நம்பினால் நம்புங்கள், முதல் இரண்டு மாதம் தண்ணீர் நன்றாகவே இருந்தது! மேலே நின்றது மழைத் தண்ணீர். நாங்கள் குழாய் இறக்கிய ஆழத்தில் இருந்தது கடல். பங்குனியில் மேல் தண்ணீர் தீர்ந்தது. கீழ்த் தண்ணீர் ஏறியது. உயிருள்ள ஒரு நாக்கு கார்த்திகையிலேயே அதைக் கண்டுபிடித்திருக்கும்.

பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பிள்ளைகள் குடித்துவிட்டு ஓக்காளித்தார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மந்தைவெளிக் குழாய்க்கு நடந்தார்கள். அங்கே தெருக்காரர்கள் விரட்டினார்கள். கன்னியம்மாள் வேலைக்குப் போன நேரத்தில், வெயில் தாங்காமல் பிள்ளைகள் பக்கத்துக் குட்டையில் குடித்தார்கள். வாந்திபேதி வந்தது.

செங்கமலம் ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தாள்.

இதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. கேட்காதீர்கள்.

ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். சேஷகிரி ஓடிவந்தார். நானும் நின்றுகொண்டிருந்தேன், தங்கை வீட்டுத் துக்கம் அல்லவா! கிணற்றடியில் கூட்டம். கன்னியம்மாள் தலைவிரி கோலமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு தகரக் குவளை. நிறையக் கிணற்றுத் தண்ணீர்.

"நீதானே சாமி நல்ல தண்ணினு எய்தினே? இந்தா, குடி! குடிச்சிப் பாரு!"

யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள். "ஏ, அவுங்க குடிக்க மாட்டாங்க, உடு..."

சேஷகிரி கையை நீட்டிக் குவளையை வாங்கினார். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, ஆசாரம், பித்தளைச் செம்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. முழுக் குவளையையும் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். கண்ணில் நீர் நின்றது.

"கரிக்கறது" என்றார்.

பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் பனைமரத்தைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "எங்காத்துல யார்கிட்டயும் சொல்லிடாதேயும் மேஸ்திரி. அப்பா தாங்க மாட்டார்" என்றார். அத்தனை நடந்தும் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்! நான் தலையாட்டினேன். அவருக்காக நான் காத்த ஒரே ரகசியம்... அந்தப் பேச்சை எடுத்தால் முதலில் ருசி பார்த்தது யார் என்ற கேள்வியும் வரும், அதனால் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். துரை மேஜைக்குப் பின்னால். ஒரு குமாஸ்தா அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல நின்றான். சேஷகிரி ஓரமாகக் கை கட்டி நின்றார். குமாஸ்தா என்னைக் கேட்டான்: "அன்னிக்கு நீ இன்னா சொன்னே? நல்ல தண்ணினா, உப்புனா?"

தியாகராய நகரில் அப்போது ஆறு வீட்டுக் கிணற்று வேலை என் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆறும் போகும். அதைவிட... நாக்கு மேஸ்திரிக்கு நாக்கு இல்லை என்று ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு என் காதில் முன்கூட்டியே கேட்டது.

"கரிக்குதுனுதான் சொன்னேன் சாமி. அய்யாதான் மாத்தி எய்திக்கினாரு."

நானாகவா சொன்னேன்? நானாகத்தான்! யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

சேஷகிரி நிமிர்ந்து, "மேஸ்திரி..." என்றார். கோபமில்லை. குழந்தை தவறுதலாகக் கீழே விழுந்தால் கூப்பிடுவோமே, அந்தக் குரல். துரை ஏதோ கேட்டார். "நீயே ஏன் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை?" என்று அதற்கு அர்த்தமாம். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைத் துரையிடம் எப்படிச் சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே வேலை போயிற்று. படிக்கட்டில் என்னைக் கடந்து போனவர் நின்று சொன்னார்: "அன்னிக்கு நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்திருக்கணும். இல்லேன்னா பாட்டிலுக்காகக் காத்திருந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்." சொல்லிவிட்டு டிராமுக்கு நடந்தார். இரண்டே எட்டில் போய்க் காலில் விழுந்திருக்கலாம். நான் நின்றேன். மரம்போல நின்றேன்!

இப்போது அவர் இதே மந்தைவெளியில், நாலு தெரு தள்ளி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறார். எதிரே வந்தால், "சௌக்கியமா மேஸ்திரி?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை ஒருவன் எத்தனை வருஷம் தாங்குவான்? சொல்லுங்கள்!

கன்னியம்மாள் என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்குச் சமைத்துப் போடுகிறாள். வாசலில் சேஷகிரி போனால், மண்ணை வாரித் தூற்றி, அவர் காதில் விழும்படி சபிப்பாள். "எம் பொண்ணுக்கு எமன் போறான் பாரு! எய்தின கையி அய்கிப் போவ!" நான் உள்ளே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு நாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கொயம்பு எப்டி கீது அண்ணாத்தே?"

"நல்லா கீது."

"உப்பு?"

"சரியா கீது."

"நேத்து?"

"நேத்தும்தான். இன்னாத்துக்கு கேக்குறே?"

"மூணு நாளா நான் உப்பே போடல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்பலேந்து?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லக் கடவுளே வாசலைத் திறந்துவைத்த மாதிரி ஒரு நேரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போன வருசம் காய்ச்சல் வந்துச்சே... அப்பலேந்துதான்" என்றேன்.

அவள் எழுந்துபோய் உப்புச் சாடியைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள். நம்பினாளா? தெரியவில்லை. அன்றிலிருந்து சேஷகிரி தெருவில் போனால் அவள் மண்ணை வாருவதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னோடும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்கும் நாளுக்காக நான் பயந்து பயந்து சாகிறேன். அவள் கேட்காமலே செத்துப்போனால்... அதற்கும் பயப்படுகிறேன்!

அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தச் சர்வே ஆபீஸுக்குப் போனேன். துரை சீமைக்குப் போய்விட்டார். புதுக் குமாஸ்தா ஒருவன், நல்ல பையன், சர்வேயை அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து படித்துச் சொன்னான். படம் அழகாக இருந்தது. நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புக்கு மஞ்சள். நான் இறக்கிய ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு புள்ளி. ஆற்றோரத்துப் புள்ளி மட்டும் மஞ்சள் இடத்துக்கு நடுவில் தனியாக ஒரு நீலம். அதற்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: கீழ் உத்தியோகஸ்தர் சேஷகிரியின் அஜாக்கிரதையால் இந்தப் பதிவு தவறு.

"இத மாத்தணும் தம்பி. அவுரு தப்பு பண்ணல. நான் பண்ணேன்."

அவன் சிரித்தான். "அச்சாயிடுச்சு பெரியவரே. சீமைக்கெல்லாம் போயிடுச்சு. இப்போ வந்து உங்க பேர எங்க சொருவறது? வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கோணல் எழுத்து, மன்னியுங்கள். மற்றதை மன்னிக்க வேண்டாம். நான் கேட்பது மன்னிப்பு இல்லை.

அந்தப் புத்தகத்தில் நீலம் எது, மஞ்சள் எது என்று துரைக்கும் தெரியாது, சேஷகிரிக்கும் தெரியாது. நான் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். சரியாகச் சொன்ன அத்தனை புள்ளிகளிலும் என் பெயர் இல்லை. அந்த அநியாயத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்! வேண்டுமானால் அவற்றைத் துரையே வைத்துக்கொள்ளட்டும். ஆற்றோரத்தில் இருக்கும் அந்த ஒரு புள்ளி என்னுடையது. அதில் வேறொருவர் பெயர் இருக்கக் கூடாது. சேஷகிரியின் பெயரை அடியுங்கள். படிக்கத் தெரிந்த யாராவது, அந்தப் புத்தகம் கையில் கிடைக்கிற யாராவது, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள்: இதைச் சொன்னவன் கிணற்று மேஸ்திரி முனுசாமி, அடையாற்றங்கரை.